குழியர்களின் குரல்

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் அவரவர் பாட்டில் சௌக்கியம். உன் உடம்பும், நீ சினிமாவுக்குச் செய்துகொண்டிருக்கும் வேற்றுக்கிரக ஜந்துவின் உடம்பும் எப்படி இருக்கின்றன?

நீ கேட்ட ஃபோம் மாதிரிகள் நான்கும் பார்சலில் வருகின்றன. முதுகில் நம்பர் போட்டிருக்கிறேன். ஒன்றும் இரண்டும் சோபாவுக்குப் போகிற சரக்கு. ஆறே மாதத்தில் தொய்ந்துவிடும். என் கடைச் சரக்கு என்பதற்காக உன்னிடம் புகழ மாட்டேன். மூன்றாம் நம்பரை அழுத்தினால் மெல்ல எழும்பும், தசை மாதிரி. உனக்கு அதுதான் தோது. நான்காவது பகட்டுக்குத்தான், கத்தி பட்டால் உதிரும்.

அப்பா பற்றி. ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. கழுத்துத் துளை சுத்தமாக ஆறிவிட்டது. மூச்செல்லாம் அந்த வழியேதான். குரல்வளை போனது போனதுதான். பேச்சுப் பயிற்சி டீச்சரம்மா வாரம் இரண்டு நாள் வருகிறார். வாயால் காற்றை விழுங்கி, ஏப்பம் போல மேலே தள்ளி, அந்தக் காற்றிலேயே சொல்லைக் கட்ட வேண்டுமாம். முப்பத்தைந்து வருஷம் காய்கறி மண்டியில் ஏலம் கூவிய மனுஷன். மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும். இப்போது 'தண்ணி' என்று சொல்வதற்குள் சட்டை நனைந்துவிடுகிறது.

தினமும் காலையில் நம் ஃபோம் குடோனுக்குப் போய்விடுகிறார். ஆட்களை டீக்கு அனுப்பிவிட்டு, ஷட்டரை இறக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பழகுகிறார். ஃபோம் சத்தத்தைக் குடித்துவிடும். வெளியே நின்றால் ஒன்றும் கேட்காது. நான்தான் அந்த இடத்தைச் சொன்னேன். அவருக்கும் வசதி, எல்லோருக்கும் வசதி.

போன் வேண்டாம் என்று நாம் பேசி வைத்தது அப்படியே இருக்கட்டும். போன தடவை நீ கூப்பிட்டபோது போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாரே தவிர ஒரு சத்தமும் வரவில்லை. அண்ணியிடம் கொடுத்துவிட்டு, துணி காயும் கொடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நீ அவருக்குத் தனியாக எழுது. எனக்கு எழுதுவதைக் கடை முகவரிக்கே போடு. தன்னைப் பற்றி நாம் எழுதிக்கொள்வது தெரிந்தால் சீறுவார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 2

அண்ணாவுக்கு,

நான் நலம். கையெல்லாம் ரப்பர் பால் ஒட்டி, நகம்தான் நகமாக இல்லை. அண்ணிக்கு முதுகுவலி தேவலையா?

மூன்றாம் நம்பர் ஃபோம் பிரமாதம். வெட்டித் தோளில் ஒட்டியதும் பட்டறையில் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். "உங்க அண்ணன் வியாபாரியா, வைத்தியரா?" என்று அச்சு வார்க்கும் பெரியவர் கேட்டார்.

நீ ஜந்து என்கிறாய். அவர்களுக்குப் பெயர் உண்டு. குழியர். காற்று மெலிந்த ஒரு கோளில் மண்ணுக்குள் குழி வெட்டி வாழ்கிற இனம். ஏழடி உயரம், முழங்கால் பின்பக்கமாக மடியும், கண்ணுக்கு இமை கிடையாது. களிமண்ணில் உருவம் செய்து, அச்சு எடுத்து, ரப்பர்த் தோல் வார்த்து, உள்ளே ஆளை நுழைத்து நடக்கவும் விட்டாயிற்று. குரல்தான் இல்லை.

எட்டு நடிகர்களைப் பேச வைத்தோம். ஒருவர் உறுமினார், ஒருவர் சீறினார், ஒருவர் தண்ணீரில் வாயை வைத்துக் கொப்பளித்தார். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாம் மிருகம் மாதிரியே இருக்கும்மா. எனக்கு ஆளு வேணும். பேசணும்னு ஆசைப்படற ஆளு" என்கிறார். மார்ச் முடிவதற்குள் குரலோடு சேர்த்துக் காட்டாவிட்டால் குழியர்களைக் கம்ப்யூட்டர் ஆட்களிடம் கொடுத்துவிடுவார்களாம். அப்புறம் என் பட்டறைக்கு வேலை இல்லை. என்னோடு சேர்த்து ஆறு பேர்.

கேட்க எனக்கே வாய் கூசுகிறது. ஆனால் உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறு யோசனை ஓடவில்லை. அப்பா குடோனில் பழகுவதைப் பதிவு செய்து அனுப்ப முடியுமா? அவர் சம்மதித்தால் மட்டும். எதற்கு என்று ஒளிக்காமல் சொல்லு. சினிமாவில் வரும் வேற்றுக்கிரகத்து ஆளுக்கு என்று சொல்லிவிடு. வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடு. நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.

வேறு வழி என்ன என்று கேட்காதே.

உன் தங்கை


பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன், வெளியே லாரி நிற்கிறது.

இதோடு மெமரி கார்டு ஒன்று வருகிறது. சின்ன ஃபோம் துண்டில் குழி வெட்டி அதற்குள் வைத்திருக்கிறேன், ஜாக்கிரதையாகப் பிரி. நாற்பது நிமிடம் ஓடும்.

அப்பாவிடம் சொல்லியாயிற்று. அவர் பழக்கம் உனக்குத் தெரியாததா? தலையை ஒரு பக்கம் சாய்த்தார். மண்டியில் அவர் தலை சாய்ந்தால் பேரம் முடிந்தது என்று அர்த்தம்.

ஒரே ஒரு விஷயம். நீ அவருக்கு எழுதும்போது இதைப் பற்றி மூச்சு விடாதே. நன்றி, கின்றி என்று ஆரம்பித்தால் கூச்சப்பட்டுப் பழகுவதையே நிறுத்திவிடுவார். இது நமக்குள் இருக்கட்டும்.

ஆறு பேர் வேலை என்று எழுதியிருந்தாய். கவலைப்படாதே, தூங்கு.

அண்ணன்


மார்ச் 14

என் அண்ணாவுக்கு,

எல்லோரும் நலமா? நான் தரையில் நடக்கவில்லை.

கார்டை முதலில் ஒலிக்கூடத்தில்தான் போட்டோம். ஒலிப்பதிவாளர், "இது எந்த ஸ்டூடியோவுல எடுத்தது? இவ்வளவு சுத்தமா இருக்கு!" என்றார். ஃபோம் குடோன் என்றேன். நம்பவில்லை. டைரக்டர் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார், நடுவில் எழுந்து நின்றுவிட்டார். "இவருதான். இவருதான் குழியர்" என்றார். அன்றைக்கே பட்டறை பிழைத்துவிட்டது அண்ணா. அச்சுப் பெரியவர் என் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார்.

குரலைக் கேட்டபின் கழுத்தையே மாற்றிவிட்டேன். முன்பு முகத்தில் நாலு மூக்குத் துளை வைத்திருந்தேன், எடுத்தாயிற்று. இப்போது கழுத்தடியில் ஒரே துளை. பேசும்போது சுருங்கி விரியும். உள்ளே ரப்பர் குழாய் போகிறது, கேமராவுக்கு வெளியே ஒருவர் அதன் முனையில் உள்ள காற்றுப் பந்தை அழுத்துகிறார். செய்து முடித்து, விலகி நின்று பார்த்தபோதுதான் எதைச் செய்திருக்கிறேன் என்று உறைத்தது. அப்பாவிடம் அதையும் சொல்லிவிடு. தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் அல்லவா?

இன்னொன்று. பதினான்காவது நிமிடம். அப்பா பத்துவரை எண்ணி முடித்து, கொஞ்சம் ஓய்ந்து, "அப்பா பேசறேம்மா. நல்லாருக்கியா? சாப்ட்டியா?" என்கிறார். மூன்று தடவை. மூன்றாவதில்தான் 'சாப்ட்டியா' முழுசாக வந்தது. எனக்குத்தானே அது? எனக்கென்றே சொல்லி அனுப்பினாரா?

மற்றதையெல்லாம் அசை அசையாக வெட்டி, கலைத்து, புது மொழியாகக் கட்டிவிட்டோம். இந்த ஒன்றை வெட்டக் கை வரவில்லை. குழியர்களின் மூத்தவர் முதன்முதலாக மனிதனைப் பார்த்துச் சொல்லும் வாழ்த்தாக, அப்படியே வைத்திருக்கிறேன். பார்ப்பவர்களுக்கு அது வெறும் கரகரப்பு. நம் மூன்று பேருக்கு மட்டும் தெரியும்.

படத்தின் கடைசியில் அப்பா பெயரைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உடனே பதில் போடு.

உன் தங்கை


மே 27

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கணும். மார்ச், ஏப்ரல் முழுக்கப் பள்ளிக்கூட பெஞ்சு மெத்தை ஆர்டர். அண்ணிக்கு முதுகுவலி கூடி, பத்து நாள் படுக்கை. இப்போது எழுந்து நடமாடுகிறாள். நீ எப்படி இருக்கிறாய்?

அப்பா நன்றாகத் தேறிவிட்டார். குடோனை விட்டு வெளியேயும் பேசத் தொடங்கியிருக்கிறார். போன வாரம் லாரி டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்து நம் சுவரில் இடித்துவிட்டான். அப்பா நேரே போய், காற்றை விழுங்கி, "கண்ணு... பின்னாடியும்... இருக்கணும்டா" என்றார். டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நின்றான். அன்றைக்கு முழுக்க அப்பாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. பேப்பர் கடையிலும் அவரே வாயால் கேட்டு வாங்குகிறார்.

பதினான்காவது நிமிடம் பற்றிக் கேட்டிருந்தாய். ஆமாம். உனக்குத்தான்.

பெயர் போட வேண்டாம். மண்டி ஆட்கள் பார்த்தால் ஆளுக்கொன்று பேசுவார்கள். கழுத்துத் துளை விஷயம் சமயம் பார்த்துச் சொல்கிறேன்.

ஃபோம் இன்னும் வேண்டுமென்றால் சொல்லு, மூன்றாம் நம்பர் புதுச் சரக்கு வந்திருக்கிறது.

அண்ணன்


ஜூலை 30

அண்ணாவுக்கு,

நலம். அண்ணியை நாற்காலியில் முதுகு சாய்த்து உட்காரச் சொல்லு. வீட்டிலேயே ஃபோம் கடை இருந்து என்ன பிரயோஜனம்?

படப்பிடிப்பு முடிந்தது. குழியர் உடைக்குள் இருந்தவர் மெலிந்த ஆள். முன்பு உயரக் கம்பங்களில் வித்தை காட்டியவராம். அந்தச் சூட்டில் நாலு மணி நேரம் நிற்பார், முகம் சுளிக்க மாட்டார். அப்பாவின் பதிவைத் தினமும் காதில் போட்டுக்கொண்டு மூச்சு எங்கே நிற்கிறது, தோள் எங்கே ஏறுகிறது என்று பழகினார். "உங்கப்பா ஒவ்வொரு சொல்லையும் தூக்கிட்டு வராருங்க" என்றார் ஒரு நாள். நான் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் கடைசியில் படம் வெளியாகிறது. உங்கள் பக்கமும் வரும். எடிட்டிங்கில் சில காட்சிகள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. படம் என்றால் அப்படித்தான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக அவசரப்படாதே. முதல் இரண்டு வாரம் கூட்டமாக இருக்கும். அப்புறம் பார்க்கலாம்.

அப்பாவிடமிருந்து மாதம் தவறாமல் கடிதம் வருகிறது. காய் விலை, பக்கத்து வீட்டு நாய், எல்லாம் எழுதுகிறார். இதைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. அவ்வளவு கூச்சமா?

உன் தங்கை


அக்டோபர் 11

தங்கைக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

படம் பார்த்தேன். மூத்த குழியர் கழுத்துத் துளை திறந்து அந்த வாழ்த்தைச் சொல்கிறது. கதாநாயகன் இந்தப் பக்கம் திரும்பிக் கண்ணடித்துவிட்டு, வயிற்றைத் தட்டி, அதே மாதிரி ஒரு ஏப்பம் விட்டுப் பதில் சொல்கிறான். தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்கிறது. முன் வரிசையில் ஒருவன் எழுந்து நின்று ஏப்பம் விடுகிறான். இதுதான் 'கொஞ்சம் மாறியிருக்கிறது' என்று நீ எழுதியதா?

நம் கடை மூட்டை தூக்கும் ஆட்கள் இப்போது ஒருத்தனை ஒருத்தன் அந்தக் குரலில்தான் கூப்பிடுகிறார்கள். ஃபோம் உருளையைத் தோளில் வைத்துக்கொண்டு, தொண்டையில் விரலை வைத்து ஒருத்தன் கரகரக்க, எதிரே வருகிறவன் ஏப்பம் விடுகிறான். அப்பா கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அதட்டினேன். "சினிமாவுல வர்றதுதானே முதலாளி, தமாசுக்கு" என்றான்.

நேற்று டீச்சரம்மா கடைக்கு வந்தார். அப்பா பத்து நாளாகப் பயிற்சிக்கு உட்காரவில்லையாம். "அவரு தனியா மேட்னி போயிருந்தாருங்க. நானும் அதே காட்சிக்குப் போயிருந்தேன். இடைவேளையில எழுந்து போயிட்டாரு. அந்தக் குரல் யாரோடதுன்னு எனக்குத் தெரியாதா? ஒரு வருஷமா நான் கேக்கற குரலு" என்றார்.

குடோனுக்குப் போவதில்லை. பேப்பர் கடைக்கும் போவதில்லை. வேண்டியதைச் சீட்டில் எழுதி நீட்டுகிறார். உனக்கு இந்த மாதக் கடிதம் வந்ததா?

நீ முன்கூட்டியே ஒரு வார்த்தை எழுதியிருந்தால் படம் வந்த வாரமே அவரை எங்காவது கூட்டிக்கொண்டு போயிருப்பேன். எழுதவில்லையே.

அண்ணன்


அக்டோபர் 19

அண்ணாவுக்கு,

அப்பா கடிதம் வரவில்லை.

நீ திட்டியது சரி. ஜூலை மாதமே எடிட்டைப் பார்த்துவிட்டேன். அந்தக் காட்சி வந்தபோது அறையில் எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் திரும்பி என்னைப் பார்த்தார், நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. அடுத்த படத்துக்கும் இதே பட்டறைதான் என்று அன்று காலைதான் சொல்லியிருந்தார்கள். உனக்கு எழுத உட்கார்ந்து, கூட்டமாக இருக்கும் என்று எழுதினேன்.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டேன். 'நீங்கள் சம்மதித்து அனுப்பிய குரலை' என்று எழுதினேன் அண்ணா. எழுதிவிட்டுப் பார்த்தால் அந்த வரி எனக்கே பிடிபடவில்லை. சம்மதித்தவர் ஏன் எட்டு மாதம் ஒரு சொல் எழுதவில்லை? பெயர் போட வேண்டாம் என்றது யார், அவரா நீயா? ஒரு மனிதன் தெரிந்து பேசி அனுப்பும்போது ஒரே வரியை மூன்று தடவை சொல்லிப் பார்ப்பானா? பழகுகிறவன்தானே அப்படிச் சொல்லுவான்?

மறைக்காமல் சொல்லு. அவரைக் கேட்டியா, கேக்கலையா?

தங்கை


நவம்பர் 16

தங்கைக்கு,

கேட்கவில்லை.

இந்த ஒரு சொல்லை எழுத நாலு வாரம் ஆயிற்று. இனி மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். முற்றிய கத்தரிக்காய் கடைத்தெருவுக்கு வந்தாயிற்று.

பிப்ரவரியில் ஒரு காலை, ஸ்டாக் பார்க்கிற சாக்கில் அவருக்கு முன்னால் குடோனுக்குள் போனேன். மூன்றாம் நம்பர் உருளைகள் இரண்டுக்கு நடுவே போனைச் செருகி வைத்துவிட்டு வந்தேன். அவர் பழகி முடித்துப் போனதும் எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான். திருடுவதற்கு இவ்வளவு சுலபமான சரக்கை நான் பார்த்ததில்லை.

கேட்டால் முடியாது என்பார், உன் வேலை போய்விடும் என்று நினைத்தேன். அது பாதி. மீதியையும் சொல்கிறேன். கேட்பதென்றால் முகத்துக்கு நேரே அவர் குரலைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு அது முடியவில்லை. ஆபரேஷன் முடிந்து அவர் முதன்முதலில் கடையில் வாய் திறந்தபோது, மெத்தை வாங்க வந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டது. அன்று சாயங்காலம்தான், "குடோன்ல பழகுங்கப்பா, அங்க தொந்தரவு இருக்காது" என்றேன். அவருக்கு வசதி என்று உனக்கு எழுதினேனே, பொய். கடைக்கு வசதி. எனக்கு வசதி. அவர் குரல் யார் காதிலும் விழாத இடத்தில் வைத்தேன். அப்புறம் அங்கிருந்தே எடுத்து ஊர் காதில் போட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பதினான்காவது நிமிடத்தில் இருப்பது அவர் உனக்கு அனுப்பியதல்ல. ஏப்ரலில் உன் பிறந்தநாள் வந்ததே, அன்றைக்குப் போன் போட்டு உன்னை அசத்த வேண்டும் என்று அதைப் பழகிக்கொண்டிருந்தார். பிறந்தநாளுக்கு முதல் நாள் என்னிடம் வந்து, "நாளைக்கு... போன்... போடலாமாடா?" என்றார். தெளிவாகவே இருந்தது. நீ பேச்சுவாக்கில் பதிவுக்கு நன்றி சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். "இன்னும் கொஞ்சம் தெளியட்டும்ப்பா, இப்ப போட்டா அவளுக்குப் புரியாது" என்றேன். சரி என்று தலையைச் சாய்த்தார். அந்தத் தலைசாய்ப்பை நான் உனக்கு இரண்டு மாதம் முன்னதாகவே விற்றுவிட்டிருந்தேன்.

டீச்சரம்மா, "அவர்கிட்ட சொல்லித்தானே எடுத்தீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உன்மேல் கோபப்பட்டு எழுதியதை மறந்துவிடு. உனக்குத் தெரியாமல் இதில் உன்னைக் கூட்டுச் சேர்த்தேன்.

அண்ணன்


நவம்பர் 23

அண்ணா,

படித்தேன். என் பிறந்தநாள், ஏப்ரல் 18 அன்று, சாயங்காலம் வரை நான் போனை விதிப்படி பட்டறை வாசலில் ஒப்படைக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். எதற்கென்று எனக்கே தெரியாது.

எனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? அப்பாவிடம் சொன்னாயா? சொல்லிவிட்டு எழுது. சொல்லாமல் எழுதாதே.

அப்பாவுக்கு நான் எழுதியது இதோடு இருக்கிறது. கழுத்துத் துளையை யாரைப் பார்த்துச் செய்தேன் என்பதும், எடிட் அறையில் நான் சிரித்ததும் அதில் உண்டு. உறையை ஒட்டவில்லை. நீ படித்துவிட்டே கொடு.

தங்கை


டிசம்பர் 12

தங்கைக்கு,

சொல்லிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை அவரைக் குடோனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஷட்டரை இறக்கவில்லை. உருளைமேல் உட்கார்ந்தார். போன் வைத்த இடத்தைக் காட்டினேன். நீ கேட்கச் சொல்லியும் கேட்காமல் விட்டதைச் சொன்னேன், பிறந்தநாள் விஷயத்தையும் சொன்னேன். உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு காற்றை விழுங்கினார். ரொம்ப நாள் பேசாததால் முதல் இரண்டு தடவை வரவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டிருந்தா... மாட்டேன்னு... சொல்லியிருப்பேனாடா?"

தெரியலப்பா என்றேன்.

"நல்லா... பண்ணிக் குடுத்திருப்பேன். முப்பத்தஞ்சு வருஷம்... குரல வெச்சுச் சோறு போட்டவன். பழகுற குரல... எடுத்துக் குடுத்திட்டியே. பிஞ்சுக் காய... நான் என்னிக்காவது... ஏலத்துல வெச்சிருக்கேனா?"

ஊர் சிரித்ததற்கு அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேறாத குரலை வெளியே அனுப்பிவிட்டேன் என்பதுதான் அவர் சொன்ன குற்றம். எனக்கு அது தோன்றவே இல்லை. பரிதாபப்பட்டேன், வெட்கப்பட்டேன், அவருக்கு அது தொழில் என்பதை மட்டும் நினைக்கவில்லை.

பிறகு கேட்டார்: "இங்க பழகச் சொன்னது... எனக்காகவா, உனக்காகவா?"

"எனக்காகத்தான்ப்பா."

தலையைச் சாய்க்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, கூட்டம் மும்முரமாக இருந்த நேரம், கடை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூட்டை தூக்கும் ஆள் ஒருவன் அவரைக் கவனிக்காமல் குழியர் குரலில் கரகரத்துக்கொண்டே உள்ளே வந்தான். அப்பா அவனைக் கூப்பிட்டு, "அடிவயித்துலேர்ந்து எடுடா. டிக்கெட் வாங்கிப் பாத்துட்டு... இப்படியா பண்ணுவ?" என்றார். அசல் குரல். அவன் உருளையைக் கீழே போட்டுவிட்டான். "ஐயா... அது நீங்களா?" என்றான். "நான் இல்லடா. அது பழகுறவன்" என்றார் அப்பா. கடையே சிரித்தது, இந்தத் தடவை அவரோடு சேர்ந்து. ஓர் அம்மாள் மட்டும் குழந்தையை இழுத்துக்கொண்டு வெளியே போனார். நான் கல்லாவை விட்டு நகரவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை.

இப்போது தினமும் அங்கேதான் உட்காருகிறார். டீச்சரம்மாவோடு, டிரைவரோடு, அண்ணியோடு, வருகிறவர் போகிறவரோடு எல்லாம் பேசுகிறார். என்னிடம் மட்டும் சீட்டுத்தான். இன்று காலைகூட 'குடை எங்கே' என்று எழுதி நீட்டினார். அவர் வாயால் என்னிடம் சொன்ன கடைசிச் சொல் குடோனில் கேட்ட அந்தக் கேள்விதான். எவ்வளவு நாளைக்கு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறேன்.

உன்னைப் பற்றி அண்ணியிடம் சொன்னாராம். "அவளுக்குன்னு வெச்சிருந்தது... ஊருக்குப் போயிடுச்சு. அதையே திரும்ப... அவகிட்ட சொல்ல வராது. வேற பாக்கணும்" என்று. என்ன பார்க்கிறார், எப்போது முடியும், தெரியாது. வாசலில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுகிறார்.

ஆகவே போனைக் கையிலேயே வைத்துக்கொள். பட்டறையில் சொல்லி அனுமதி வாங்கு. இங்கிருந்து மணி அடித்து, நீ எடுத்து, ஒன்றும் கேட்கவில்லை என்றால் யாரோ என்று வைத்துவிடாதே. நீ முந்திக்கொண்டு பேசவும் வேண்டாம். காற்றை விழுங்க அவருக்கு நேரம் வேண்டும்.

அண்ணன்